பழைய காரின் மின்பழுது: மீட்டரை எங்கே வைப்பது?

ஒரு பழைய அம்பாசடரோ சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ காலையில் செல்ஃப் எடுக்க மறுத்தால், பெரும்பாலோர் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள். அதற்கும் சரியாகாவிட்டால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். இவ்விரண்டும் நல்ல நிலையில் இருக்க, இடையிலுள்ள ஏதோ ஓர் இணைப்பில் பழுது இருப்பதே இத்தகைய கார்களில் அடிக்கடி நேர்வது. பல பத்தாண்டுகளாக ஈரத்தையும் அதிர்வையும் தாங்கிய வயரிங்கில் செம்பும் பித்தளையும் களிம்பேறி, பாடியின் இரும்பு துருப்பிடித்து, ஒவ்வொரு முனையிலும் சிறிது மின்தடை சேர்ந்துவிடுகிறது. எந்தப் பாகத்தையும் மாற்றாமல் அந்தத் தடை எங்கே இருக்கிறது என்று அளந்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஓமின் விதிப்படி, ஓர் இணைப்பில் வீணாகும் மின்னழுத்தம் என்பது அதன் தடையையும் அதில் ஓடும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. குளிர்ந்த எஞ்சினைச் சுழற்றும்போது செல்ஃப் மோட்டார் 150 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தப் பாதையில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை முதல் இரண்டு வோல்ட் அங்கேயே வெப்பமாகப் போய்விடும். அதே தடை ஹாரன் வயரில் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஹெட்லைட்டில் கணக்கு வேறு விதமாகக் கடுமையானது: 60 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் எடுக்கும்; 0.1 ஓம் தடை 1 வோல்ட்டை விழுங்கும். இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கில் மாறுவதால், 12 வோல்ட் 11 ஆகும்போது வெளிச்சத்தில் கால் பங்கு குறைந்துவிடும். பழைய கார்களின் விளக்கு மஞ்சளாக எரிவதற்கு வயதைக் காரணம் சொல்வது வழக்கம்; உண்மையில் பல கார்களில் சுவிட்சிலும், காரின் உலோகப் பாடி வழியாக மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் பாதையான எர்த்திலும் உள்ள தடைதான் காரணம்.

இந்தத் தடையை மல்டிமீட்டரின் ஓம் நிலையில், அதாவது தடையை அளக்கும் நிலையில், பிடிக்க முடியாது. அந்த நிலையில் மீட்டர் செலுத்துவது மிக மிகச் சிறிய மின்னோட்டம். பல இழைகள் முறுக்கிய ஒரு கேபிளில் ஒரே ஓர் இழை மட்டும் அறுபடாமல் மிஞ்சியிருந்தாலும், மீட்டர் அதை நல்ல கேபிள் என்றே காட்டும். செல்ஃபின் 200 ஆம்பியரை அந்த ஓரிழை தாங்காது. சிறு பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பும் அப்படித்தான். அது எரிந்தால் கரண்ட் வருகிறது என்று தெரியுமே தவிர, போதுமான அளவு வருகிறதா என்பது தெரியாது.

ஆகவே, சுமை ஓடும்போதே அளக்க வேண்டும். முதலில் பேட்டரி: ஓய்வில் இருக்கும் முழுச் சார்ஜுள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுழலும்போது ஏறத்தாழ 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் சார்ஜையோ பேட்டரியையோதான் ஐயுற வேண்டும். பேட்டரி தாங்குகிறது என்றால், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயிலுக்கு வரும் வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டின் மீதும் மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பின் மீதும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் அளவு சுழியை ஒட்டியே இருக்க வேண்டும். 1 வோல்ட் காட்டினால் பழுது அங்கேயே இருக்கிறது: வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும், கிளாம்ப்பின் உட்புறம் கறுத்த ஆக்சைடு படிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிவிட்டு, அடுத்த இணைப்புக்குச் செல்லலாம். இப்படிப் படிப்படியாக நகர்ந்து செல்ஃப் மோட்டாரின் முனை வரை பார்க்கும்போது, மொத்த இழப்பு அரை வோல்ட்டுக்குள் நின்றால் அந்தப் பாதை நலமே.

எர்த் பாதையையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். அங்கேதான் பலரும் தவறவிடுகிறார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மீது அமர்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் இடையே பின்னல் செம்புப் பட்டை ஒன்று தேவைப்படுகிறது. அது அறுந்துபோனால், செல்ஃபின் மின்னோட்டம் எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் வேறு உலோகத்தைத் தேடிப்போகும். பெரும்பாலும் சோக் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோதான் அகப்படும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிள் சுட்டால், கேபிளை மாற்றுவதற்கு முன் எர்த் பட்டையைப் பாருங்கள்.

பின் விளக்கில் எர்த் கெட்டால் விளைவு இன்னும் விந்தையாக இருக்கும். பிரேக்குக்கு 21 வாட், டெயில் லைட்டுக்கு 5 வாட் என இரண்டு இழைகள் ஒரே பல்புக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் எர்த் அந்தப் பல்பின் உலோகக் கூடுதான். கூட்டிலிருந்து பாடிக்குப் போகும் வழி துருவால் அடைபட்டிருக்கும் நிலையில் பிரேக்கை மிதித்தால், 21 வாட் இழைக்குள் வந்த மின்னோட்டம் வெளியேற முடியாமல் 5 வாட் இழைக்குள் பின்வழியாக நுழைந்து, டெயில் லைட் வயரில் ஏறி, எர்த் நன்றாக உள்ள மற்றப் பார்க்கிங் விளக்குகள் வழியாகப் பாடியைச் சேரும். பிரேக்கை மிதிக்கும்போது முன்பக்கப் பார்க்கிங் விளக்கு மங்கலாக எரிவதன் காரணம் இதுவே. விளக்கை எரியவிட்டு, பல்பின் கூட்டுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளந்தால், நல்ல எர்த்தில் ஓரிரு பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இராது. கெட்ட எர்த்தில் பல வோல்ட் நிற்கும்.

பிரிட்டிஷ் வழிவந்த வயரிங்கில் நிறங்களே பாதி வழியைக் காட்டும். பழுப்பு நேரே பேட்டரியிலிருந்து வருவது. வெள்ளை இக்னிஷன் சுவிட்சைக் கடந்தது. பச்சை அதன் பிறகு ஃபியூஸையும் கடந்தது. நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு பார்க்கிங், டெயில் விளக்குகளுக்கு, கறுப்பு எர்த்துக்கு. இடையில் யாரோ மாற்றிய வயர் எந்த நிறத்திலும் இருக்கலாம் என்பதால், நிறத்தைப் பார்த்த பிறகும் அளந்து உறுதி செய்வது நல்லது. கண்ணாடி ஃபியூஸ் மாற்றும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிரிட்டிஷ் நிறுவனமான லூகாஸின் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பது அது எரிந்துபோகும் அளவு, தொடர்ந்து தாங்குவது அதில் பாதி மட்டுமே.

1960-களின் பிற்பகுதிக்கு முன் வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த். அத்தகைய காரில் ரேடியோவையோ ஆல்டர்னேட்டரையோ பொருத்துவதற்கு முன் முனைகளைச் சரிபார்த்தாக வேண்டும். தலைகீழாக இணைத்தால் உள்ளிருக்கும் டயோடுகள் (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகங்கள்) நொடியில் எரிந்துபோகும்.

இரவில் நிறுத்திய கார் சில நாள்களில் செத்துப்போகிறது என்றால், எர்த் கேபிளைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை ஆம்பியர் நிலையில் இணைத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் செல்ஃபையோ ஹெட்லைட்டையோ போட்டுவிடக் கூடாது. எலக்ட்ரானிக்ஸ் இல்லாத காரில் கடிகாரம் ஒன்றைத் தவிர எதுவும் கரண்ட் எடுக்கக் கூடாது. 0.4 ஆம்பியர் காட்டினால், ஏறக்குறைய ஒரு 5 வாட் பல்பின் அளவு. 40 ஆம்பியர் மணி பேட்டரியை அது நான்கே நாளில் வெறுமையாக்கிவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, எந்த ஃபியூஸை எடுத்ததும் மீட்டர் சுழிக்கு இறங்குகிறதோ அந்தச் சுற்றில் தேடலாம். எதை எடுத்தும் இறங்காவிட்டால், ஃபியூஸ் இல்லாமல் நேரே போகும் பழுப்பு வயரைத் தொடர வேண்டும். அது சென்று சேரும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியவை டைனமோவின் கட்-அவுட்டும் (பேட்டரியின் கரண்ட் டைனமோவுக்குத் திரும்பாமல் துண்டிக்கும் சுவிட்ச்) ஹெட்லைட் சுவிட்சும்.