வெயிலும் மழையும் ஒரே தொகுதியில்

காங்கேயத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல் தூரோடு காய்ந்து கிடக்கும் ஆண்டைப் பார்த்தவர்களுக்கு, மழை பொய்த்தால் வெயிலும் கூடவே ஏறும் என்பது தெரியும். இது தற்செயல் அன்று. ஈரமான நிலத்தில் விழும் வெயிலின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். மண்ணில் ஈரம் இல்லாதபோது அதே ஆற்றல் நிலத்தையும் காற்றையும் சூடேற்றுகிறது.

ஆகவே வருங்காலக் காலநிலையைக் கணிக்கும்போது மழைக்கும் வெப்பத்துக்கும் தனித்தனியே நிகழ்தகவு கணித்து, இரண்டையும் பெருக்கிவிட முடியாது. ஒரு கணக்குக்காக, 100 ஆண்டுகளில் 20 வறண்டவை, 20 கடும் வெப்பமானவை என்று கொள்வோம். இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால் சேர்ந்து வரக்கூடியவை 4 ஆண்டுகள்தாம். வறண்ட ஆண்டுகளில் பாதி வெப்பமாகவும் அமைந்தால் 10. மாட்டுக்குச் சோளத்தட்டுப் போர் போட்டு வைக்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது.

அப்படியானால் மழை, வெப்பம், ஈரப்பதம், மேகம், காற்று என எல்லா மாறிகளையும் ஒன்றாகவே கணிக்கலாமே என்று தோன்றும். ஒவ்வொரு மாறியையும் 10 படிகளாகப் பிரித்தால் இரண்டு மாறிகளுக்கு 100 கட்டங்கள். ஆறு மாறிகளுக்கோ 10 லட்சம். அவற்றையெல்லாம் நம்பகமாக நிரப்பும் அளவுக்குக் காலநிலையைக் கணிக்கும் கணினி நிரலைத் திரும்பத் திரும்ப ஓட்டக் கணினி நேரம் போதாது. அதனால் மாறிகளைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஒரு தொகுதிக்குள் இருப்பவற்றை மட்டும் ஒன்றாகக் கணிக்கிறார்கள். பிரிட்டன் 2009இல் வெளியிட்ட கணிப்புகள் இவ்வாறு அமைந்தவையே. அங்கே 25 கிலோமீட்டர் பக்கமுள்ள நிலக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் 10,000 மாதிரி வரிசைகள் தரப்பட்டன. ஒரு வரிசையில் உள்ள எண்கள் ஒரே எதிர்காலத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒரே தொகுதிக்குள் இருக்கும் மாறிகளுக்குக் கூட்டு நிகழ்தகவு, அதாவது அவை சேர்ந்து நிகழும் வாய்ப்பு, கணிக்கலாம். வேறொரு தொகுதியின் 57ஆம் வரிசையை இத்தொகுதியின் 57ஆம் வரிசையோடு சேர்த்தால், எங்கும் நிகழாத ஓர் ஆண்டுதான் கிடைக்கும்.

எதை எதோடு சேர்ப்பது என்பதை, கணிப்பைப் பயன்படுத்துவோரின் கேள்வியே தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொங்கு நாட்டின் மேய்ச்சல் நிலத்துக்கு மழையையும் வெப்பத்தையும் ஒரே மாதத்தில் இணைப்பது மட்டும் போதாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் இந்நிலம் ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த ஈரத்தில் வளர்ந்த புல்லைச் சித்திரை வெயில் காயவைக்கிறது. ஆகையால் ஐப்பசி மழையும் அடுத்த சித்திரை வெப்பமும் ஒரே தொகுதியில், ஒரே வரிசையில் இடம்பெற்றாக வேண்டும்.