அரைக் கடதாசி இடைவெளி

வத்தளையில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய செயின் சோவில் (மரம் வெட்டும் மெசின் வாள்) கிராங்க் பெயரிங், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கைத் தாங்கும் குண்டு வளையம், தேய்ந்துவிட்டது, மாற்றுவதற்குக் கிராங்கை மூடியிருக்கும் கிராங்க் கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் புள்ளர் (ஸ்குரூவால் தள்ளியோ இழுத்தோ கழற்றும் கருவி) வாங்கச் சொன்னார்களாம், பக்கத்து கராஜ் பாஸ் சுத்தியலால் நாலு தட்டு போதும் என்றாராம், இன்னொருவர் சூடு காட்டச் சொன்னாராம். எது சரி?

மழை தொடங்கினால் கொழும்பில் செயின் சோ சத்தம் கேட்காத நாள் குறைவு. இந்தக் கேள்வி பலருக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் எஞ்சின் எந்த வகை என்று பாருங்கள். சில மலிவான மெசின்களில் அடிப்பக்கத்தில் நாலு ஸ்குரூவைக் கழற்றினாலே கிராங்க் கையோடு வந்துவிடும், அதற்கு எந்தப் புள்ளரும் வேண்டாம். நெட்டுக்குத்தாக இடது, வலது என்று பிரியும் கேஸ்தான் நம்முடைய பிரச்சினை. கிளச்சைக் கழற்றுங்கள் (பெரும்பாலும் இடக்கைப் புரி, அதாவது கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழரும்), பிளைவீல், சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் எடுத்துவிடுங்கள், கேஸைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்குரூக்களையும் நட்சத்திரத் தலைச் சாவியாலோ அலன் கீயாலோ கழற்றுங்கள். இவ்வளவும் யாருக்கும் வரும்.

எல்லா ஸ்குரூவும் கழன்ற பிறகும் கேஸ் அசையாது. எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

பெயரிங்தான். பெயரிங்கின் வெளி விட்டத்தைவிட கேஸில் இருக்கும் துளை ஒரு மயிரிழை சிறிதாகக் கடையப்பட்டிருக்கும். வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்குதான், ஆனால் சிறிய துளைக்குள் பெரிய வளையத்தை அழுத்தி ஏற்றியிருப்பதால் உலோகம் சுற்றிவர நெருக்கிப் பிடிக்கிறது. கராஜ்களில் இதைப் பிரஸ் பிட் என்பார்கள். இதே மாதிரி பெயரிங்கின் உள் வளையம் கிராங்க் தண்டையும் நெருக்கிப் பிடிக்கும். ஆக இரண்டு பிடிகள்: வெளியே மகனீசியக் கேஸுக்கும் உருக்கு பெயரிங்குக்கும் இடையில் ஒன்று, உள்ளே உருக்குக்கும் உருக்குக்கும் இடையில் இன்னொன்று. எந்தப் பிடியை எதனால் விடுவிக்கலாம் என்பதில்தான் ஆயுதத் தெரிவு இருக்கிறது.

சுத்தியலை எடுத்துக்கொள்வோம். அரைக் கிலோ சுத்தியல் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வந்து அரை மில்லிமீட்டருக்குள் நின்றால் சராசரி விசை ஏறத்தாழ 12,500 நியூட்டன், அதாவது ஒன்றேகால் தொன் எடை. இப்போது புள்ளரின் நடு ஸ்குரூ எட்டு மில்லிமீட்டர் என்று வையுங்கள். 20 சென்றிமீற்றர் ஸ்பனரின் நுனியில் 10 கிலோ பாரம் கொடுக்கும் அளவுக்கு இழுத்தால், உராய்வு பெரும்பகுதியைத் தின்ற பிறகும் அது தள்ளும் விசை அதே ஒன்றேகால் தொன் அளவில் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. விசை ஒன்றுதான். ஆனால் சுத்தியல் அதைச் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது, எங்கே போகிறது என்று பார்த்து நிறுத்த நமக்கு நேரமே இல்லை. ஸ்குரூ ஒரு நிமிடம் முழுக்க நேராக, உங்கள் கைக்குத் தெரியும்படி தள்ளுகிறது, இறுக்கம் கூடினால் கையே சொல்லும்.

அந்தக் கொட்டிய விசை போகும் வழியைப் பாருங்கள். தண்டில் அடித்தால் அது உள் வளையத்துக்குப் போய், குண்டுகள் வழியாக வெளி வளையத்துக்குப் போகிறது. குண்டு வளையத்தைத் தொடும் இடம் ஊசிமுனை மாதிரி. அவ்வளவு சிறிய இடத்தில் தொன் கணக்கில் விசை விழுந்தால் கடினமான உருக்கிலும் பள்ளம் விழும். சுவீடனைச் சேர்ந்த பிரினெல் 1900-இல் அறிமுகப்படுத்திய கடினத்தன்மைச் சோதனையே குண்டை உலோகத்தில் அழுத்திப் பள்ளத்தை அளப்பதுதான், பெயரிங்கில் விழும் இந்தப் பள்ளங்களுக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அப்புறம் கிராங்க்: பெரும்பாலான செயின் சோக்களில் அது ஒரே துண்டு அல்ல, இரண்டு தட்டுகளை நடுவில் ஒரு பின் (உருக்கு முளை) வைத்து அழுத்திச் சேர்த்தது. ஒரு முனையில் ஓங்கி அடித்தால் தட்டுகள் கொஞ்சம் உள்ளே மடங்கும். கண்ணுக்குத் தெரியாது. நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுற்றும்போது அந்த மடங்கல் அதிர்வாக வெளியே வரும்.

ஸ்குரூ ட்ரைவரை இடுக்கில் செருகி நெம்புவது இதைவிட மோசம். எனக்குத் தெரிந்த ஒரு மரம் வெட்டுபவருக்கு ஒரு கராஜில் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தார்கள். புதுப் பிஸ்டன் போட்டு ஓடிய மெசின் மூன்றாம் கிழமையே இறுகி நின்றது. மறுபடி பிஸ்டன் மாற்றினார், மறுபடி நின்றது. நல்ல மெசின் என்று எல்லோரும் பார்த்ததால் நாவூறு பட்டுவிட்டது என்று வீட்டில் சொல்ல, தேசிக்காய் வெட்டி வாசலில் வைத்தார். நான் கேஸை வாங்கி விளக்கடியில் சரித்துப் பார்த்தேன். கேஸின் இரு பாதிகளும் சேரும், கேஸ்கட் இருக்கும் முகத்தில் நகத்தால் தடவினால் தடுக்கும் ஒரு கீறல், உள்ளிருந்து வெளிவரை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் கேஸ் ஒரு நெஞ்சுக்கூடு மாதிரி: பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் ஒயிலும் காற்றும் கலந்த கலவையை உள்ளிழுக்கும், கீழே வரும்போது அதைச் சிலிண்டருக்குள் ஊதும். கீறல் வழியாகக் காற்று களவாகப் போனால் கலவையில் பெட்ரோல் குறையும், பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஒயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் இறுகும். அந்த மனிதர் இரண்டு பிஸ்டனுக்குக் கொடுத்த காசு அவருடைய பல நாள் கூலி. நாவூறு என்று சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அந்த ஒரு சொல்லால் கீறலைத் தேடும் வேலை இரண்டு மாதம் தள்ளிப்போனது, அதுதான் கவலை.

சரி, சூட்டுக்கு வருவோம். இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

உலோகம் சூடானால் விரியும், பாடசாலையில் படித்தது. ஆனால் துளை? துளையைச் சுற்றியுள்ள உலோகம் விரிந்தால் துளை சுருங்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு வளையத்தை ஓரிடத்தில் வெட்டி நீட்டிப் பட்டையாக வையுங்கள். சூடாக்கினால் பட்டை நீளும். நீண்ட பட்டையைத் திரும்ப வளைத்து ஒட்டினால் பெரிய வளையம், பெரிய துளை. ஒரு படத்தைப் பெரிதாக்கினால் அதிலுள்ள ஓட்டையும் சேர்ந்தே பெரிதாவது போலத்தான். வண்டில் சில்லுக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர் இதைத்தான் செய்தார்: பட்டையைச் சூடாக்கினால் அதன் வாய் அகலும், மரச் சில்லில் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் இறுகிப் பிடிக்கும்.

செயின் சோவில் இன்னொரு அழகு சேர்கிறது. மகனீசியம் உருக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். பல நடுத்தர மெசின்களில் வரும் 6202 என்ற இலக்கப் பெயரிங்கின் வெளி விட்டம் 35 மில்லிமீட்டர். கொழும்பின் 30 பாகையிலிருந்து 130 பாகைக்குச் சூடாக்கினால் மகனீசியத் துளை 0.09 மில்லிமீட்டர் அகலும், பெயரிங்கும் அதே அளவு சூடானாலும் அது 0.04 தான் விரியும். மிச்சம் 0.05. போட்டோக் கொப்பி எடுக்கும் கடதாசியின் தடிப்பில் பாதி! ஆனால் பிடித்துக்கொண்டிருந்ததோ 0.02, 0.03 தான். பிடியே இல்லாமல் போய்விடுகிறது. ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) பெயரிங்கைச் சுற்றியுள்ள கேஸில் வட்டமாகக் காட்டிக்கொண்டே இருங்கள், சில நிமிடங்களில் ஒரு கணம் வரும், அடியும் இல்லை, நெம்பலும் இல்லை, கேஸின் பாதி தன் பாரத்திலேயே மெல்ல இறங்கி மேசைத் துணியில் "டொக்" என்று உட்காரும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

பந்தும் வளையமும் வைத்துச் செய்யும் விரிகைச் சோதனை நம் பாடசாலை ஆய்வுகூட அலுமாரிகளில் பூட்டிக் கிடக்கிறது. ஒரு பழைய கேஸையும் பெயரிங்கையும் வகுப்பில் வைத்து இதைச் செய்துகாட்டப் பெரிய நிதி ஒன்றும் வேண்டாம், ஆய்வுகூடத்துக்கு ஒதுக்கும் காசில் கொஞ்சம் இப்படிப் போனால் பிள்ளைகள் அந்த "டொக்"கை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

சூடு போதுமா என்று பார்க்க தோசைக்கல் வித்தைதான். ஒரு துளி தண்ணீர் சீறி உடனே வற்றினால் 100 பாகை தாண்டிவிட்டது. துளி வற்றாமல் உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, நிறுத்துங்கள். காஸ் டோர்ச் வேண்டவே வேண்டாம். கட்டி மகனீசியம் இலேசில் பற்றாது, ஆனால் அதன் தூளும் சீவலும் பற்றும், பற்றினால் தண்ணீர் ஊற்றுவது நெருப்பைக் கூட்டும். பெட்ரோலை முதலே நன்றாகக் கழுவி உலர விடுங்கள். ஒயில் சீல் (தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) சூட்டில் கெடலாம், அதை எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும்.

சூடு விடுவிப்பது வெளிப் பிடியை மட்டும்தான். உள்ளே இருப்பது உருக்கும் உருக்கும், இரண்டும் ஒன்றாகவே விரியும், அங்கேதான் புள்ளர் வேண்டும். எனவே கடையில் சொன்னதும் பிழை இல்லை. கேஸின் ஸ்குரூத் துளைகளிலேயே பூட்டி, நடு ஸ்குரூவால் தண்டைத் தள்ளும் வகையை வாங்குங்கள், இரண்டு கால் கொக்கி உள்ளது கேஸின் விளிம்பை உடைக்கும். பெயரிங் தண்டோடு வந்துவிட்டால் அதற்கும் கேஸுக்கும் சம்பந்தம் முடிந்தது, பின்புறம் கத்தி போல நுழையும் புள்ளரால் தனியாக எடுக்கலாம். பாஸ் சொன்ன தட்டு வேண்டுமென்றால் பிளாஸ்ரிக் சுத்தியலால், அதுவும் சூடு காட்டிய பிறகு, கேஸில் மெதுவாக.

பூட்டும்போது எல்லாம் தலைகீழ். புதுப் பெயரிங்கை பிரிட்ஜின் உறைகுளிர்ப் பெட்டியில் வையுங்கள், கேஸைச் சூடாக்குங்கள், கையால் அழுத்தினாலே போய் உட்காரும். ஒன்று மட்டும் கவனம்: கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம், குளிர்ந்த உருக்கை வெளியே எடுத்தவுடன் ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் மாதிரி வியர்த்துவிடும். வைப்பதற்கு முன் ஒயில் பூசி, பொலித்தீனில் இறுகச் சுற்றி, கேஸ் சூடான பிறகுதான் பிரிக்க வேண்டும்.