பீங்கான் பூச்சுள்ள கிரில் வலையை எதைக்கொண்டு தேய்ப்பது?

பினாங்கில் காது, மூக்கு, தொண்டை மருத்துவம் பார்க்கிறவர்களுக்கு மீன் முள் அன்றாடப் பாடு. பெரும்பாலும் டான்சிலிலோ நாக்கின் அடிப்பகுதியிலோ குத்தி நிற்கும். நல்ல வெளிச்சமும் இடுக்கியும் இருந்தால் சில நிமிட வேலை. அதனால் தொண்டையில் குத்துகிறது என்று யார் வந்தாலும் என் வாயில் முதலில் வருவது, "என்ன மீன் சாப்பிட்டீங்க?"

ஒருவர், "மீன் இல்லை டாக்டர், சுட்ட கணவாய்" என்றார். கணவாயில் தொண்டையைக் குத்துகிற முள் ஏது? மேற்கொண்டு கேட்டேன். முந்தின நாள் இரவு கொண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) பார்பிக்யூ. மைத்துனர் கம்பி பிரஷ்ஷை எடுத்து, கிரில் வலையைப் பளபளவென்று தேய்த்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டினாராம். வீட்டுக்கு வந்ததும் தொண்டை குத்த, மனைவி வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்க வைத்திருக்கிறார். மூன்று நான்கு உருண்டை. குத்தியது உள்ளே போனதுதான் மிச்சம்.

எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தால் நாக்கின் அடியில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். சி.டி. ஸ்கேனில்தான் பிடிபட்டது: சதைக்குள் புதைந்த சின்ன வெள்ளைக் கோடு. பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த கம்பி. எடுத்து எஃகுத் தட்டில் போட்டபோது சத்தம்கூடக் கேட்கவில்லை. முடியைவிடக் கொஞ்சம் தடிப்பு, விரல் நகத்தின் நீளம், ஒரு முனை வளைந்திருந்தது. கரி படிந்து கறுத்த கணவாய்த் துண்டில் இது ஒட்டியிருந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

இது என் அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் இப்படி ஆறு பேரின் கதையை வெளியிட்டது. சிலருக்குக் கழுத்தில் வலி, சிலருக்குக் குடலில் ஓட்டை. 2016-இல் வந்த ஓர் ஆய்வு, 2002 முதல் 2014 வரை அந்த நாட்டில் சுமார் 1,700 பேர் இதே காரணத்துக்காக அவசரப் பிரிவுக்குப் போயிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவ்வளவு பெரிய நாட்டுக்கு இது பெரிய எண்ணிக்கை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சில ரிங்கிட் கொடுத்து வேறொரு பொருள் வாங்கினால் தவிர்த்துவிடக்கூடிய அறுவை சிகிச்சை இது.

வலையில் பீங்கான் பூச்சு இருந்தால் கம்பி பிரஷ்ஷை ஒதுக்க இன்னொரு காரணமும் சேர்கிறது. பெட்டியில் 'போர்சலின்' என்று போட்டிருந்தாலும் அது முழுப் பீங்கான் கிடையாது. எஃகு அல்லது வார்ப்பிரும்புக் கம்பியின் மேல் 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடிப் பூச்சு. பாட்டி காலத்து எனாமல் டிபன் கேரியரில் இருப்பதும் இதே சரக்குதான். அதைக் கீழே போட்ட இடத்தில் பூச்சு தெறித்து, கறுப்பாகி, துருப்பிடித்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். கிரில் வலையிலும் அதுதான் நடக்கும். எஃகுக் கம்பியால் அழுத்திச் சுரண்டச் சுரண்ட பூச்சு கீறும், விளிம்புகளில் பெயரும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அந்தச் சின்ன இடைவெளி போதும். துரு உள்ளே பரவிப் பக்கத்துப் பூச்சையும் தூக்கிவிடும். பெயர்ந்து விழுவதும் கண்ணாடிச் சில்லுதானே, அது மட்டும் சாப்பாட்டில் கிடக்கலாமா?

சரி, எதை வாங்குவது? ஹார்ட்வேர் கடைக்காரர் முதலில் பித்தளை பிரஷ்ஷை நீட்டுவார். எஃகைவிடப் பித்தளை மென்மை, பூச்சை அவ்வளவாகக் கீறாது, அதெல்லாம் உண்மை. ஆனால் உதிர்ந்து தொண்டையில் குத்தும் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். சுருள் சுருளாகக் கம்பி வைத்து, 'முடி' இல்லாமல் வருகிற பிரஷ் எவ்வளவோ தேவலை. அதிலும் கம்பியின் வெட்டு முனை விட்டுப்போயிருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். பீங்கான் மேல் அதை அழுத்தவும் கூடாது. கிரில் கல் என்று விற்கிற கறுப்புக் கட்டி கண்ணாடிப் பூச்சைச் சொரசொரப்பாக்கும், பொடியும் விடும். இரும்பு நார் பக்கமே போகாதீர்கள், அது இழை இழையாகக் கம்பிக்கு இடையில் மாட்டிக்கொள்ளும்.

நான் வீட்டில் வைத்திருப்பது ஒரு மரச் சுரண்டி. வார்னிஷ் அடிக்காத, கெட்டியான மரம். புதிதில் அதன் விளிம்பு நேராக இருக்கும், ஒன்றும் சுரண்டாத மாதிரிதான் தோன்றும். சூடான வலையில் நாலைந்து தடவை இழுத்தால் கம்பி படுகிற இடமெல்லாம் கருகிப் பள்ளம் விழும். அப்புறம் அது உங்கள் வலைக்கென்றே செய்தது போல் உட்கார்ந்துகொள்ளும். சமைத்து முடித்ததும் மூடியைப் போட்டு 10 நிமிடம் எரியவிட்டு, அடுப்பை அணைத்து, கொஞ்சம் சூடு தணிந்ததும் சுரண்டினால் முக்கால்வாசி கரி போய்விடும்.

மீதிக்கு அவசரம் இல்லை. வலை நன்றாக ஆறட்டும். சூட்டோடு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் பூச்சு வெடிக்கலாம். ஆறிய பிறகு வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து ஊறப்போட்டு, நைலான் பிரஷ்ஷாலோ தேங்காய் நாராலோ தேய்த்தால் போதும். நைலான் பிரஷ்ஷைச் சூடான வலையில் வைக்கவே கூடாது. 220 டிகிரி வாக்கில் உருகிவிடும் ரகம் அதில் உண்டு, கிரில் அதைச் சுலபமாகத் தாண்டும். என் ஓட்டு தேங்காய் நாருக்கு. உதிர்ந்தாலும் கண்ணில் படும், அலசினால் போய்விடும். பிடிவாதமான கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள்.

கொண்டோ பொதுஅடுப்புகளில் சிக்கல் வேறு மாதிரி. நீங்கள் கம்பி பிரஷ்ஷைத் தொடாமல் இருந்தாலும் போன வாரம் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் தொட்டிருப்பார்கள். பல இடங்களில் துருப்பிடித்த பிரஷ் ஒன்று அடுப்பு ஓரத்திலேயே தொங்கும். அதனால் அடுப்பை மூட்டும் முன், ஈரத்துணியை நாலாக மடித்து வலையின் மேலும் கீழும் துடைத்துவிட்டு, துணியை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். துணியில் கம்பி மாட்டியிருந்தால் மறுபடி துடையுங்கள். பூச்சு பெயர்ந்து துரு தெரிகிற வலையை மாற்றித் தரச் சொல்லி மேனேஜ்மெண்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். புகைப்படத்தோடு எழுதினால் சீக்கிரம் நடக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சாப்பிடும்போது சுருக்கென்று குத்தினால், சோற்று உருண்டையும் வேண்டாம், வாழைப்பழமும் வேண்டாம், விரலை விட்டுத் துழாவவும் வேண்டாம். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். பார்பிக்யூ சாப்பிட்ட சில நாளில் காரணம் தெரியாத வயிற்றுவலி வந்தாலும் அப்படித்தான், கம்பி குடல் வரை போயிருக்கலாம். மருத்துவரிடம் "மீன் முள்" என்று நீங்களே முடிவு கட்டிச் சொல்லாமல், கிரில் செய்ததையும் கம்பி பிரஷ் போட்டதையும் சொல்லுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் இத்தனை மெல்லிய கம்பி தப்பிவிடலாம், சி.டி. ஸ்கேன் தேவைப்படும் என்று முடிவெடுக்க அந்தத் தகவல் எங்களுக்கு உதவும். வேறு எதற்காவது உங்களை எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால், உள்ளே போகுமுன் இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். அந்தக் காந்தம் எஃகுக் கம்பியைச் சதைக்குள்ளேயே நகர்த்திவிடலாம்.