பேப் ரூத் ஏன் 49-இல் நின்றார்?

1927-ஆம் ஆண்டின் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்கு மேனேஜராக இருந்து, அந்த சீசனின் 154 ஆட்டங்களையும் கணினி விளையாட்டில் நடத்தி முடித்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பேப் ரூத் நிஜத்தில் 60 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல) அடித்தார். என் சீசனில் 49-தான். புரோகிராமில் கோளாறா?"

கோளாறு இல்லை. வீரர்களின் நிஜப் புள்ளிவிவரத்தை வைத்து ஒரு சீசனை மறுபடி நடத்திப் பார்க்கும் இத்தகைய விளையாட்டுகள் கணினிக்கு முன்பே அட்டையும் பகடையுமாக வந்துவிட்டன. ஹால் ரிச்மன் உருவாக்கி 1961-இல் விற்பனைக்கு வந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அவற்றில் புகழ்பெற்றது. நாம் வகுப்பில் ஆடிய புக் கிரிக்கெட்டில் கவாஸ்கரானாலும் கடைசி ஆட்டக்காரரானாலும் பக்க எண் ஒன்றுதான். இங்கே ஒவ்வொரு வீரருக்கும் தனி அட்டை. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பந்தை அடிக்கும் பேட்டரின் அட்டையைப் பார்க்கிறோம். 4, 5, 6 என்றால் எறியும் பிட்சரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை முடிவைச் சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பாதி நேரம் ரூத்தின் அட்டையை யாரும் பார்க்கப் போவதே இல்லை. பிறகு எப்படி 60 வரும்?

அந்த ஆண்டு ரூத் 691 முறை மட்டை பிடிக்க வந்தார்; அதில் 60 என்றால் 8.7 சதவீதம். அந்த லீகில் ஆடிய எல்லோரின் சராசரியோ ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். சராசரி பிட்சரின் அட்டை அந்த ஒரு சதவீதத்தைத்தான் தரும். இரண்டு அட்டைகளின் சராசரி 8.7 ஆக வேண்டுமானால், ரூத்தின் அட்டையில் 8.7-ஐ இரட்டித்து ஒன்றைக் கழித்த அளவு, அதாவது 16.4 சதவீதம், இருந்தாக வேண்டும். பேட்டர் பக்கம் விழக்கூடிய 108 வாய்ப்புகளில் (முதல் பகடையின் 3 எண்கள் × மற்ற இரண்டின் 36 சேர்க்கைகள்) கிட்டத்தட்ட 18. எதிரணி எவ்வளவு நல்ல பிட்சரைக் கொண்டு வந்தாலும், முதல் பகடை 1, 2, 3 காட்டிவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இதே கணக்கைப் பலவீனமான பேட்டருக்குப் போட்டுப் பாருங்கள். அதே அணியின் மார்க் கோனிக் அந்த ஆண்டு அடித்தது 3 ஹோம் ரன், ஏறத்தாழ அரை சதவீதம். இரட்டித்துக் கழித்தால் ஏறக்குறைய பூஜ்யம்தான் மிஞ்சும். அவரைவிடக் குறைவாக அடித்தவருக்கு விடை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்! பிட்சர் அட்டையிலிருந்து மட்டுமே அவருக்குத் தகுதிக்கு மீறிய ஹோம் ரன்கள் வந்துவிடும். பின்னாளில் வந்த விரிவான விதிகள் இதை அழகாகச் சரிசெய்தன: பலம் குறைந்தவர் என்று குறியிடப்பட்ட பேட்டருக்கு, பிட்சர் அட்டையில் உள்ள சில ஹோம் ரன்கள் வெறும் சிங்கிளாகிவிடும் (ஒரு தளம் மட்டும் ஓடும் அடி).

இனி அந்த 49. ஒவ்வொரு முறையும் 8.7 சதவீத வாய்ப்பு, 691 முறை. திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏழுக்குச் சற்று மேல். மூன்றில் இரண்டு சீசன்கள் 53-க்கும் 67-க்கும் இடையே முடியும். 49 அல்லது அதற்குக் கீழே என்பது சுமார் 13 சீசனுக்கு ஒருமுறை வரும். பகடையை ஊதி உருட்டுவது, ராசியான பகடையை ஒளித்து வைப்பது எல்லாம் இந்த '7' என்ற எண்ணைப் புரிந்துகொள்ளாததால் வருவதே. பத்தாம் வகுப்பில் திட்டவிலக்கத்தைச் சூத்திரமாக மட்டும் ஒப்பிக்க வைப்பது எனக்கு வருத்தம். ஒரு வகுப்புக்கு நாலு பகடை வாங்கிக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

அப்படியானால் மேனேஜருக்கு என்ன வேலை? பேட்டிங் வரிசையை மாற்றினால் கிடைக்கும் லாபம் பலர் நினைப்பதைவிடச் சிறியது. ஆட்களை எப்போது பயன்படுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதே அணியின் பிட்சர் வில்சி மூர் 1927-இல் 50 ஆட்டங்களில் 213 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் வழக்கமாக ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) எறிந்தார், பிரமாதமாக. அட்டையைப் பார்த்ததும் தினமும் அவரையே இறக்கத் தோன்றும். அதனால்தான் இந்த விளையாட்டை ஆடுவோர் நடத்தும் பல லீக்குகள் ஒரு வீரரை நிஜத்தில் ஆடிய அளவுக்கு மேல் ஆட விடுவதில்லை. அந்த 213 இன்னிங்ஸை எந்தெந்த ஆட்டங்களுக்கு, எந்தக் கட்டத்தில் செலவழிப்பது என்பது மட்டும் உங்கள் முடிவு.