ட்ராக் என்றால் கோலம்

80களின் நியூயார்க் இரவுகளைப் பற்றிய ஓர் ஆவணப்படம். டோப்பாவும் பளபளக்கும் கவுனுமாக ஒருவர் மேடையில் பாடுகிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, கீழே ஓடும் தமிழ் சப்டைட்டில் ‘திருநங்கை பாடகி’ என்கிறது. அவர் திருநங்கை இல்லை. அடுத்த காட்சியிலேயே சட்டையும் பேண்ட்டுமாக உட்கார்ந்து, தான் ஓர் ஆண் என்று அவரே சொல்கிறார். அதையும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதே என்று யாரும் நின்று பார்க்கவில்லை. செய்தித் துணுக்கு, யூடியூப் குரல், வார இதழ்க் கட்டுரை என்று எங்கே போனாலும், மிகையான உடையும் ஒப்பனையுமாக மேடைக்கென்றே இன்னொரு உருக்கொள்ளும் கலைஞரைக் குறிக்கும் ‘ட்ராக் குயின்’ என்ற சொல் படும் பாடு இதுதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘பெண் வேடமிட்ட ஆண்’ என்று எழுதுகிறார்கள். கணினியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள், ஆங்கிலத்தில் ட்ராக்குக்கு ‘இழு’ என்றும் பொருள் இருப்பதால், ‘இழுவை ராணி’ என்று போடுகிறார்கள்.

சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடலாம். ட்ராக் என்பது 19ஆம் நூற்றாண்டு லண்டன் நாடகக்காரர்களின் குழூஉக்குறி. பெண் பாத்திரம் ஏற்ற ஆண்களின் நீண்ட பாவாடை தரையில் இழுபட்டுக்கொண்டே வரும். அதிலிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஒப்பும் விளக்கம். 1870இல் போல்டன், பார்க் என்ற இரு இளைஞர்கள் பெண்ணுடையில் நாடகம் பார்க்கப் போய்க் கைதான வழக்கை ஒட்டி இந்தச் சொல் அச்சில் அடிபட்டது. மறு ஆண்டே அவர்கள் விடுதலையானார்கள். 1880களில் வாஷிங்டன் நகரில், அடிமையாகப் பிறந்த வில்லியம் டோர்சி ஸ்வான் இரகசிய நடன விருந்துகள் நடத்தி, தன்னை ட்ராக்கின் ராணி என்று அழைத்துக்கொண்டார். ஷேக்ஸ்பியர் பிரதிகளின் ஓரத்தில் ‘பெண்ணாக உடுத்தியவர்’ என்பதன் முதலெழுத்துகளாக இது எழுதப்பட்டிருந்தது என்றொரு கதை சுற்றுகிறது. அது பின்னால் கட்டிவிட்ட கதை.

ஆக, வேரில் இழுத்தல் இருப்பது உண்மை. அதற்காக ‘இழுவை’ சரியாகிவிடாது. தமிழில் இழுவை என்றதும் டிராக்டர் நினைவுக்கு வரும், இலங்கைத் தமிழருக்கு மடிவலை இழுக்கும் படகு நினைவுக்கு வரும், கோர்ட்டுக்கு அலைகிறவருக்குத் தன் வழக்கு நினைவுக்கு வரும். பாவாடை யாருக்கும் நினைவுக்கு வராது. வேர்ச்சொல்லைப் பெயர்ப்பது வேறு, பொருளைப் பெயர்ப்பது வேறு. இதற்கு மேல் இழுவையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. படிப்பவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார், தீங்கு குறைவு.

‘திருநங்கை’ அப்படியல்ல. படிப்பவர் நம்பிவிடுவார்.

காது கூசும் வசைச்சொற்களாலேயே ஒரு கூட்டத்தாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நாட்டில், அந்த வசைகளுக்கு மாற்றாக வேரூன்றிய சொல் திருநங்கை. 2008இல் தமிழ்நாட்டில் தனி நலவாரியமே அமைந்தது. ஒருவர் இரவும் பகலும் யாராக இருக்கிறாரோ அதைச் சொல்லும் சொல் அது. ட்ராக் அப்படிப்பட்டதல்ல. இரவு அரிதாரம் பூசி, விடியும்போது துடைத்துவிடலாம். லண்டனில் பால் ஓ’கிரேடி கேம்டன் நகராட்சியில் சமூகநலப் பணியாளராக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தவர். இரவில் ராயல் வாக்ஸ்ஹால் டாவர்ன் மதுக்கூடத்தில் வெளிறிய டோப்பாவும் வெடுக்கென்ற நாக்குமாக லில்லி சாவேஜ் ஆனார். பால்டிமோரின் ஹாரிஸ் கிளென் மில்ஸ்டெட், டிவைன் என்ற பெயரில் 1984இல் பிரிட்டன் தொலைக்காட்சியின் பாட்டு நிகழ்ச்சியில் இறுக்கிப் பிடித்த உடையில் ஆடி, நேயர்கள் புகார் சொல்லும் அளவுக்குக் கலக்கினார். அந்த உடை தன் தொழிலுக்கானது, தான் ஒரு நடிகன் என்பதுதான் அவர் நிலைப்பாடு. இவர்களைத் திருநங்கை என்பது அவர்களுக்கும் பொருந்தாது, திருநங்கையருக்கும் நியாயமாகாது. திருநங்கையர் தங்கள் பெண்மை வேடமல்ல என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகிறார்கள். நாமோ வேடம் கட்டும் கலைக்கு அவர்கள் பெயரையே சூட்டி, அது வேடம்தான் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஒரு சிக்கல் உண்டு, மறைக்கக்கூடாது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின, லத்தீனோ இளைஞர்கள் நடத்திய ‘பால்’ (ball, நடன விருந்து) போட்டிகளில் திருநங்கையரும் இருந்தார்கள். அங்கே பல பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்த ஏஞ்சி எக்ஸ்ட்ராவகான்சா ஒரு திருநங்கை. 1988இல் கொலையுண்ட வீனஸ் எக்ஸ்ட்ராவகான்சாவும் அப்படியே. ட்ராக்குக்கும் திருநங்கையருக்கும் தொடர்பே இல்லை என்று யாராவது எழுதினால் அதுவும் பொய். ஆனால் அந்த அரங்கிலேயே திருநங்கையருக்கு ஒரு பெயர், தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு ஒரு பெயர், போட்டிப் பிரிவும் தனித்தனி. அவர்கள் அத்தனை கவனமாகப் பிரித்து வைத்ததை நாம் ஏன் ஒரே சாக்கில் கொட்ட வேண்டும்?

‘பெண் வேடமிட்ட ஆண்’ என்பவர்களோடுதான் எனக்கு நீண்ட வழக்கு இருக்கிறது. கேட்டால் நியாயமாகத் தோன்றும் பெயர்ப்பு என்பதால் அது எளிதில் சாகாது. அந்தத் தொடரை 80களுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். ஹார்லெம் அரங்கில் ஒரு பிரிவு, கம்பெனி அதிகாரியாக வருவது. கோட்டு, டை, கையில் பிரீஃப்கேஸ். எந்த அலுவலகமும் உள்ளே விடாத கறுப்பின இளைஞன், அந்த அலுவலகத்தின் மேலாளர் எப்படி நடப்பாரோ அப்படி நடந்து காட்டுவான். அதுவும் ட்ராக்தான்; அதில் பெண் வேடம் எங்கே? சான்ஃபிரான்சிஸ்கோவில் 1979இல் தொடங்கிய ஒரு குழுவினர் தாடி மீசையோடு கன்னியாஸ்திரி அங்கி அணிந்து தெருவுக்கு வந்தார்கள். எய்ட்ஸ் என்ற பெயர்கூட நிலைபெறாத 1982இல், பாதுகாப்பான உறவு பற்றிக் கையேடு அடித்து விநியோகித்தவர்கள் அவர்கள். தாடியை மழிக்காமலே கட்டிய அந்தக் கோலத்தைப் பார்த்துப் பெண் என்று யார் ஏமாறுவார்கள்? ஏமாற்றுவது அவர்கள் நோக்கமும் இல்லை. பெண்களும் ஆணாகக் கட்டினார்கள். 1950, 60களில் ஜூவல் பாக்ஸ் ரெவ்யூ என்ற குழுவில், பெண்ணுடை தரித்த ஆண்கள் நடுவே கோட்டு சூட்டோடு நின்று நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் ஸ்டோர்மி டிலார்வரி என்ற பெண்.

லண்டனில் லீ பவரி. ஆஸ்திரேலியாவின் சன்ஷைன் என்ற புறநகர்ப் பையன், 1980இல் லண்டன் வந்தவன். 1985இல் லெஸ்டர் சதுக்கத்தில் ‘டபூ’ என்ற இரவு விடுதி நிகழ்ச்சியைத் தொடங்கினார். வாசலில் நின்றவர் கையில் ஒரு கண்ணாடி. வருகிறவரின் முகத்துக்கு நேரே அதை நீட்டி, “உன்னை நீயே உள்ளே விடுவாயா?” என்று கேட்பார். உள்ளே பவரியின் மொட்டைத் தலை. உச்சியிலிருந்து நெற்றி, காது, கன்னம் என்று நிறம் வழிந்து சொட்டுச் சொட்டாக உறைந்திருக்கும். ஆளோ நல்ல உயரம், பருமன். அதை ஒளிக்காமல், உடம்பை இறுக்கியும் பிதுக்கியும் வேறொரு வடிவமாகவே தைத்துக்கொள்வார். அது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இதற்குப் ‘பெண் வேடம்’ என்று சப்டைட்டில் போடுகிறவர் திரையைப் பார்க்காமலே வேலை செய்கிறார் என்றுதான் அர்த்தம்.

நம்மிடம் ‘ஸ்திரீபார்ட்’, அதாவது நாடகத்தில் ஆண் ஏற்கும் பெண் பாத்திரம், இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தச் சொல்மேல் எனக்கும் மிகுந்த பிரியம். சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளின் ஒரு காலமே அதற்குள் அடங்கியிருக்கிறது. சிவாஜி கணேசன் அங்கே பெண் வேடத்தில் வளர்ந்தவர், டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து ‘ஔவை’ என்பதைப் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். ஆனால் ஸ்திரீபார்ட் ஒரு கதையில் ஒரு பாத்திரம். நடிப்பவர் ஆண் என்பதைப் பார்ப்பவர் மறக்க மறக்கத்தான் அதற்குப் பெருமை. ட்ராக்கில் பார்ப்பவர் மறக்கவே கூடாது. ஆளும் தெரிய வேண்டும், கட்டிய உருவும் தெரிய வேண்டும், இரண்டும் உரசுகிற இடத்தில்தான் சிரிப்பும் சீண்டலும் பிறக்கின்றன. கதை இல்லை, பாத்திரம் இல்லை. வந்து நிற்பதே நிகழ்ச்சி.

தமிழில் இதற்கு நெருக்கமான பழைய பதிவு சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களில் ஒன்று: “ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய பேடி ஆடல்”. காமன் என்ற ஆண், பெண்மைக் கோலம் பூண்டு ஆடியதை, மாதவி என்ற பெண் தன்மேல் ஏற்று மேடையில் ஆடுகிறாள். இத்தனை மடிப்புள்ள ஆட்டத்தை இளங்கோ இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். ‘பேடி’ இன்று வசையாகிவிட்டதால் அதை மீட்டு இந்தப் பொருளில் வழங்குவது நடக்கிற காரியமில்லை. அதே வரிகளில் வசை படியாத இன்னொரு சொல் கிடக்கிறது: கோலம்.

வேடத்தைவிடக் கோலம் ஏன் மேல் என்கிறேன் என்றால், வேடத்தில் பொய்யின் வாடை ஏறிவிட்டது. வேடதாரி, கபடவேடம், ‘வேஷம் போடுறான்’ எல்லாம் ஏமாற்றைத்தான் சொல்கின்றன. கோலத்தில் அது இல்லை. மணக்கோலம் பொய்யா, போர்க்கோலம் பொய்யா? அழகு, வடிவம், ஒப்பனை, தோற்றம் என்ற நான்கும் கோலத்துக்குப் பொருள். ஆண், பெண் என்று எந்தப் பக்கமும் சாயாத சொல். பெண்கோலம், ஆண்கோலம், பவரிக்கு ‘விசித்திரக் கோலம்’ என்று முன்னொட்டு போட்டு வேண்டியதைச் சொல்லிக்கொள்ளலாம். வடமலபாரில் தெய்யம் ஆடுபவர் கட்டுவதையும் கோலம் என்றே சொல்கிறார்கள்.

வாசலில் போடும் மாவுக்கோலத்தோடு குழம்பாதா என்றால், குழம்பாது. கூடவே வரும் வினை காப்பாற்றும். அந்தக் கோலத்தைப் போடுவோம், இதைக் கட்டுவோம். ‘கட்டு’ என்பது தெருக்கூத்துக்காரர்களின் அன்றாட வினை. ‘இன்னைக்குத் திரௌபதி கட்டுறது யாரு?’ என்றுதான் கேட்பார்கள். ஆகவே ட்ராக் என்பது கோலங்கட்டு, ட்ராக் குயின் கோலராணி, ட்ராக் கிங் கோலராசா. ஓ’கிரேடி பல ஆண்டுகள் லில்லி சாவேஜ் கட்டினார் என்று எழுதிப் பாருங்கள். ஒரு விளக்கக் குறிப்பும் தேவைப்படாது. இதெல்லாம் வேண்டாம் என்பவர்கள் ‘ட்ராக்’ என்று அப்படியே எழுதட்டும், எனக்கு வருத்தமில்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

இந்த ஒரு சொல்லோடு முடிந்தால் பரவாயில்லை. அந்தக் காலத்து இரவுகளின் சொற்கள் எல்லாமே இப்படித்தான் சீரழிகின்றன. ‘பால்’ அரங்கு ‘பந்துக் கலாசாரம்’ ஆகிறது. அச்சு அசலாக இன்னொருவராக நடந்து காட்டும் ‘ரியல்னெஸ்’ ஏனோ ‘யதார்த்தவாதம்’ ஆகிறது. ‘அச்சு அசல்’ என்றே போட்டால் என்ன குறைந்துவிடும்? எதிராளியை நாலு பேர் நடுவே வாரிவிடும் ‘ரீடிங்’ என்பது ‘வாசிப்பு’ ஆகிறது. ‘ஷேட்’ என்பது ‘நிழல்’. ஜென்னி லிவிங்ஸ்டன் 80களின் பிற்பாதியில் படம்பிடித்து 1990இல் வெளியிட்ட ‘பாரிஸ் இஸ் பர்னிங்’ படத்தில் முதிய கலைஞர் டோரியன் கோரி, கண்ணாடி முன் உட்கார்ந்தபடி நிதானமாக விளக்குகிறார்: நீ அழகில்லை என்று நான் சொல்லமாட்டேன், சொல்லத் தேவையும் இல்லை, உனக்கே தெரியும். அதுதான் ஷேட். நம் வீடுகளில் இதற்குச் சாடை பேசுதல் என்று பெயர். கல்யாணப் பந்தியில் இருந்து குழாயடி வரை புழங்குகிற சொல்லை விட்டுவிட்டு அகராதியைப் புரட்டி ‘நிழல்’ போடுகிறவர், பேச்சுத் தமிழைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

‘விக்ஸ்டாக்’ பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் ஏ அவென்யூவில் இருந்த பிரமிட் கிளப்பில் ஆடி முடித்த ட்ராக் கலைஞர் லேடி பன்னியும் கூட்டாளிகளும், 80களின் நடுவில் ஓரிரவு, பக்கத்து டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவின் வாத்திய மேடையில் ஏறிக் கூத்தடித்தார்கள். அதிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்த ஒரு பகல் திருவிழா பிறந்தது. புகழ்பெற்ற இசைவிழாவான வுட்ஸ்டாக்கின் பெயரோடு ‘விக்’ என்ற டோப்பாவைக் கோத்த குறும்புப் பெயர் அது. ‘விக் பங்கு’ என்று அதைப் பெயர்த்திருப்பதை நானே பார்த்தேன். பெயர்ச்சொல்லைப் பெயர்க்காதீர்கள்.

‘ஹவுஸ்’ என்பது ‘வீடு’ அல்ல, குடும்பம். கிரிஸ்டல் லபேஜா தொடங்கிய லபேஜா குடும்பம், எக்ஸ்ட்ராவகான்சா குடும்பம் என்றுதான் எழுத வேண்டும். பெற்றோர் துரத்திய பிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள், குடும்பப் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டவரை ‘மதர்’ என்றார்கள். சப்டைட்டில்காரர் அதைத் ‘தலைவி’ என்று மாற்றுகிறார். இங்கே திருநங்கையர் ஜமாத்திலும் தத்தெடுத்த தாய், மகள் என்ற உறவு இருக்கிறது. யாரும் அதைத் தலைவி, தொண்டர் என்று சொல்வதில்லை. ஏஞ்சியை அந்தப் பிள்ளைகள் அழைத்தது அம்மா என்று. அப்படியே போடுங்கள்.