நீர்ப்பிடிப்பா, வரத்துப் பகுதியா?

ஈரநிலம் பற்றிய மொழிபெயர்ப்புக் கையேடுகளில் இப்படி ஒரு வரி வந்துவிடுகிறது: 'நீர்ப்பிடிப்புப் பகுதியில் நடக்கும் விவசாயம் நுண்ணுயிரிகளைப் பாதிக்கிறது.' மதுரைப் பக்கத்துச் சம்சாரி, அதாவது விவசாயி, ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். "ஆமா, கண்மா உள்வாய்க்குள்ள உழுறாய்ங்கல்ல, அதச் சொல்றாக" என்பார். கண்மாய் என்னும் ஏரியின் கரைக்கு உள்ளே உழுவதை நினைக்கிறார். எழுதியவர் சொல்ல வந்தது அதுவே அல்ல.

நீர்ப்பிடிப்பு என்பது 'கேட்ச்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. அதில் உள்ள 'கேட்ச்' லத்தீன் வழி வந்தது. பிடித்தல் என்று பொருள். மழையை வாங்கி ஒரு நீர்நிலைக்கு அனுப்பும் நிலம் முழுவதும் கேட்ச்மென்ட். நம்மவர்கள் பிடியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

அணைக்கு இது ஒருவாறு பொருந்தும். 'பெரியாறு நீர்ப்பிடிப்பில் மழை' என்றால் காட்டில் பெய்கிறது என்று புரிகிறது. கண்மாய்க்கு வந்தால்தான் வம்பு. இங்கே நீர்பிடி என்றால் தண்ணீர் தேங்கி நிற்கும் பரப்பு. 'வண்டியூர்க் கண்மாய் நீர்ப்பிடிப்பில் ஆக்கிரமிப்பு' என்று படித்தால் நாம் நினைப்பது கரைக்கு உள்ளே உள்ள இடத்தை. தண்ணீர் புறப்படும் இடத்துக்கும் வந்து சேரும் இடத்துக்கும் ஒரே சொல்லா?

கண்மாய்ச் சிற்றுயிர்களுக்குக் கேடு பெரும்பாலும் தொலைவிலிருந்து வருகிறது. மேட்டுக்காட்டில் பருத்திக்கு அடித்த மருந்து மழையோடு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இறங்கும். பூச்சிமருந்து தட்டான் குஞ்சையும் நீர்த்தெள்ளையும் மட்டும் விட்டுவைக்குமா? பயிரைத் தின்னும் பூச்சிகளைப் போல அவையும் கணுக்காலிகள்தாம். பாசியைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பது நீர்த்தெள்ளு. அது செத்து, கூடவே உரச்சத்தும் வந்தால் பாசி மண்டும். விடியும் நேரத்தில் நீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். அந்த நீரிலும் தாக்குப்பிடிப்பது சேற்றில் நெளியும் சிவப்புப் புழு. அதன் உடலில் ஹீமோகுளோபின் உண்டு, அந்தச் சிவப்பும் அதனால்தான். பிளாட் போடக் கிளறிய செம்மண் வண்டலாக வந்து படிந்தால், கல்லிடுக்கில் ஒண்டும் பூச்சிகளுக்கு இடமில்லை. இந்தக் கேடுகளில் எதுவும் நீர்பிடிக்குள் தொடங்குவதல்ல.

'வடிநிலம்' என்று திருத்துவோர் உண்டு. வைகை போன்ற ஆற்றுக்குச் சரி. கண்மாய்க்குச் சொன்னால் தண்ணீர் தேங்காத வயல் என்றுதான் காதில் விழும். வரத்துக்கால், வரத்து வாய்க்கால் என்று ஊரே புழங்கும்போது 'வரத்துப் பகுதி' இருக்கிறதே! கொச்சை என்பார்கள். போக்குவரத்தில் வருவதும் இதே வரத்துதான், அதை யாரும் கொச்சை என்பதில்லை.

அந்த வரியின் 'நுண்ணுயிரி' இன்னொரு கூத்து. சொல்ல வந்தது தட்டான் குஞ்சு போன்ற சிற்றுயிர்களை. கண்ணுக்குத் தெரிகிற, தலைப்பிரட்டையையே பிடித்துத் தின்கிற தட்டான் குஞ்சு நுண்ணுயிரியாம். மொழிபெயர்த்தவர் ஒரு கண்மாய்க்குள்ளாவது காலை நனைத்திருக்கலாம்.