பிளையோமெட்ரிக்ஸ்: வெடிப்பா, மீள்விசையா?

"ஓட்டக்காரர்களுக்கு வெடிப்புப் பயிற்சி அவசியம்" என்று போன வாரம் ஒரு தமிழ்க் காணொளியில் சொன்னார்கள். நான் இதைக் கேட்பது நான்காவதோ ஐந்தாவதோ முறை. வெடிப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது குதிகாலில் வரும் பித்தவெடிப்பு, அப்புறம் சுவர் விரிசல். இரண்டுக்கும் பயிற்சி தேவையில்லை, தானாகவே வரும்.

அவர்கள் சொல்ல வந்தது பிளையோமெட்ரிக்ஸ். பெட்டியிலிருந்து இறங்கித் தரையைத் தொட்ட கணத்தில் மேலே எழும்புவது, தடைகளை இரு காலாலும் விடாமல் தாண்டுவது, வரும் மெடிசின் பந்தை (பயிற்சிக்கான கனமான பந்து) வாங்கிய வேகத்தில் திருப்பி எறிவது எல்லாம் இதில் அடங்கும்.

கிரேக்கத்தில் 'பிளையோன்' என்றால் கூடுதல், 'மெட்ரான்' என்றால் அளவு. 1975-இல் இந்தப் பெயரைப் பரப்பியவர் அமெரிக்கப் பயிற்சியாளர் ஃபிரெட் வில்ட். முறை அவருடையதல்ல. மாஸ்கோவில் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960-களிலேயே தாண்டும் வீரர்களுக்கு இதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் வைத்த ருஷ்யப் பெயருக்கு அடிச்சொல் 'உதார்'. அடி, மோதல் என்று பொருள். (நம்மூரில் விடுகிற உதாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அது ஆங்கிலத்தில் 'ஷாக்' ஆகி, அங்கிருந்து தமிழுக்கு 'அதிர்ச்சி முறை'யாக வந்து சேர்ந்திருக்கிறது. படிப்பவர், வீரருக்கு மின்சாரம் பாய்ச்சுகிறார்களோ என்று நினைத்தால் அவர்மேல் தப்பில்லை.

சரி, இதற்குத் தமிழ்ப் பெயராக 'வெடிப்பு' ஏன் கூடாது? வெடி வெளியே மட்டுமே போவது. போனால் திரும்பாது. இந்தப் பயிற்சியின் உயிரோ திரும்புவதில்தான் இருக்கிறது. தரையில் இறங்கும்போது தசையும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாணும் இழுபடுகின்றன. அந்த இழுவையில் சேர்ந்த ஆற்றல் வீணாவதற்குள் தசை சுருங்கி உடலை மேலே தள்ள வேண்டும். கால் தரையில் இருக்கும் நேரம் வேகமான வகைகளில் கால் விநாடிக்கும் குறைவு. தாமதித்தால் சேர்ந்தது வெப்பமாகப் போய்விடும். 'புலி பதுங்குவது பாய்வதற்கு' என்பதை இதற்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. அழகான பழமொழிதான், ஆனால் பொருந்தாது. புலி பதுங்கிக் காத்திருக்கிறது. இங்கே காத்திருந்தால் காரியம் கெட்டது. கீழே விழுந்த ரப்பர் பந்துதான் சரியான உவமை.

எக்ஸ்ப்ளோசிவ் பவர், அதாவது கண நேரத்தில் பெரும் விசையைக் காட்டும் திறன், என்பதற்கு 'வெடிதிறன்' என்றால் எனக்குச் சண்டையில்லை. அது பயிற்சியால் கிடைக்கும் பலன். பலனின் பெயரைப் பயிற்சியின் தலையில் கட்டுவதுதான் குழப்பம். பாரம் தூக்கினாலும் வெடிதிறன் கூடும், அது பிளையோமெட்ரிக்ஸ் ஆகிவிடுமா?

'குதிப்புப் பயிற்சி' எளிமையானது, ஆனால் பந்து எறிபவரை வெளியே நிறுத்திவிடுகிறது. 'மிகையளவியல்' என்றும் ஒன்று பார்த்தேன். மெட்ரிக்ஸைக் கண்டதும் 'இயல்' போட்டுவிட்டார்கள். ஐசோமெட்ரிக் என்றால் தசையின் நீளம் மாறாதது, பிளையோமெட்ரிக் என்றால் நீளம் கூடுவது. உடலியங்கியலில் அங்கே அளவு என்பது தசையின் நீளம். அகராதியை மட்டும் புரட்டி, மைதானத்தை எட்டிப் பார்க்காதவர்கள் செய்யும் மொழிபெயர்ப்பு இப்படித்தான் இருக்கும். நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் என்று பெயர் வைத்தவர்கள் விளையாட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

என் பரிந்துரை 'மீள்விசைப் பயிற்சி'. இழுத்த சுருள்வில் பழைய நிலைக்குத் திரும்பும் விசையை இயற்பியல் பாடத்தில் மீள்விசை என்றுதான் படித்தோம். கால், கை இரண்டுக்கும் பொருந்தும். பெட்டியிலிருந்து இறங்கி எழும்புவதை மட்டும் தனியாகச் சொல்ல 'மீள்துள்ளல்' போதும். மைதானத்தில் பையன்கள் 'ப்ளையோ' என்றே கூப்பிடுவார்கள், கூப்பிடட்டும். வெடிப்புக்கு அது எவ்வளவோ தேவலை.